தெளிந்த மருந்து

நிலவேம்புக்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது. ‘கஷாயம் வைத்துக் குடிக்கிறோமே, அது எப்படி?’ என்று யாராவது கேட்டுவிட்டால் ஹில்டாவுக்குக் கோபம் வந்துவிடும். கஷாயத்தில் இறங்குவது ஏதோ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கே குடித்தவன் முகம் அஷ்டகோணலாகிறது. கிருமியைக் கொல்லுகிற சரக்கில் பெரும்பகுதி தண்ணீர்ப் பக்கமே வரமாட்டேன் என்று சக்கையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிட்டில் போட்டால் ஓடி வந்து கரையும். ஆனால் ஸ்பிரிட்டைப் புண்ணில் ஊற்ற முடியுமா? கிருமியோடு சேர்ந்து நல்ல சதையும் வெந்துபோகும்.

இந்த இருவருக்கும் சமாதானம் பேசிச் சேர்த்துவைப்பதுதான், அம்பத்தூர் எஸ்டேட்டில் சுப்பராயன் நடத்திய மூலிகைச் சாறு கம்பெனியில் ஹில்டாவின் வேலை. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். புண் கழுவும் மருந்தாக நிலவேம்பைத் தண்ணீரில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாக மல்லுக்கட்டினாள். கடைசியில் வழி ஒன்று அகப்பட்டது. தண்ணீரில் இறங்குகிற அந்தக் கொஞ்சத்தை முதலில் கழுவிக் கொட்டிவிட்டு, ஸ்பிரிட்டில் இறக்கிய சாற்றைக் காயவைத்துப் பொடியாக்கி, பசை மாதிரியான ஒரு சரக்கோடு சேர்த்து, கடுகை விடச் சின்ன மணிகள் உருளும் எந்திரத்தில் போட்டு நாள் முழுக்க அரைத்தாள். தூசியைவிடப் பொடிசான துகள்கள் ஆளுக்கொரு பசைச் சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் மிதந்தன. மிதந்தன என்றுதான் சொல்ல வேண்டும், கரையவில்லை. ஆனால் கண்ணுக்குக் கரைந்த மாதிரியே இருந்தது. அரிசி களைந்த தண்ணீரை நாலைந்து பங்கு தண்ணீர்விட்டு நீட்டினால் வருமே, அப்படி ஒரு மங்கல் மட்டும் மிச்சம்.

கிருமிச் சோதனை பார்க்கிற அகல்யா, ஜெல்லி ஊற்றிய வட்டத் தட்டில் கிருமியைப் பரப்பி, நடுவில் குழி தோண்டி, இந்த மங்கல் தண்ணீரை அதில் விட்டாள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி ஆடையாகப் படர்ந்திருக்க, குழியைச் சுற்றி மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் துடைத்துவிட்ட மாதிரி வட்டம். ஹில்டா அதை செல்போனில் படம் எடுத்தாள். மேனாம்பேட்டில் இருந்த வீட்டுக்குப் போனதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷனிடம் காட்டினாள்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

டேவிட் ஒரு ஐ.டி. கம்பெனிக்குப் பஸ் ஓட்டினான். சர்க்கரை வியாதி வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மாத்திரையை ஒரு நாள் போடுவான், ஒரு நாள் மறப்பான். புது ஷூ கடித்து வலது காலில் புண் வந்தது. காலில் உணர்ச்சி மரத்துப்போயிருந்ததால் வலி தெரியவில்லை. சாக்ஸில் கறையைப் பார்த்துத்தான் புண்ணே தெரிந்தது. அதற்குள் சுண்டு விரலும் பக்கத்து விரலும் கறுத்துவிட்டன. வலிதான் இல்லையே தவிர, பாதத்தில் சும்மாவே ஒரு எரிச்சல், மிளகாய்ப்பொடி தடவின மாதிரி. ஆஸ்பத்திரியில் டாக்டர் கார்த்திகேசன் புண்ணைக் கம்பியால் தொட்டுப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். ரெண்டு விரலையும் இந்த வாரமே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் மேலே ஏறும், மருந்து மாத்திரைக்கு இந்தக் கிருமி அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டேவிட் மாட்டேன் என்று நின்றுகொண்டான்.

“ரெண்டு வெரல எட்துட்டா பிரேக்க எத்தால மிதிக்கிறது? ஓரமா குந்துன்னு சொல்லிருவான் கம்பெனிக்காரன். அப்பால நான் இன்னா பண்றது, கேட்ல நின்னுகினு சல்யூட் அடிக்கிறதா?”

“டாக்டர் நம்மள பயமுறுத்தறதுக்கு சொல்லலங்க. கறுத்துப்போச்சு பாருங்க.”

“அவன் கையில கத்தி கீது, வெட்டத்தான் சொல்வான். உன் கையில மருந்து கீதுல்ல? அன்னிக்கு இன்னாமோ போட்டோ காமிச்சியே, அத்த கொண்டாந்து ஊத்து.”

“எலிக்குக்கூட இன்னும் போட்டுப் பாக்கல.”

“அப்ப நான்தான் மொதோ எலி” என்று அவன் சிரித்தான்.

ஹில்டா சிரிக்கவில்லை, முடியாது என்றாள். மறுநாளும் முடியாது என்றாள். ஆனால் அந்த முடியாதில் நாளுக்கு நாள் சுதி இறங்கிக்கொண்டே வந்தது. அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். கம்பெனியில் சுப்பராயன் அவளை நம்பியதில்லை. ‘என்னம்மா, உன் சாம்பார் எப்ப ரெடியாகும்?’ என்று போகிறபோக்கில் கேட்டுவிட்டுப் போகிற முதலாளி அவர். கட்டின புருஷன், தன் காலை நீட்டி, உன் மருந்தை ஊற்று என்கிறான். அந்த நம்பிக்கை அவளுக்குப் பிடித்திருந்தது. படித்தவளுக்கு இது கூடாது என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தவளைத்தான் ஆசை சுலபமாக வளைக்கிறது. தெரியாதவள் பயந்துகொண்டு டாக்டர் சொன்னதைக் கேட்டிருப்பாள்.

ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் போட்டுப் பார்க்கலாம், குறையவில்லை என்றால் ஆபரேஷன் என்று பேரம் படிந்தது.

சனிக்கிழமை மதியம் லேபில் எல்லோரும் கிளம்பிய பிறகு ஹில்டா வீட்டுக்கு மருந்து எடுத்தாள். தட்டில் ஊற்றுவது வேறு, கட்டின புருஷன் புண்ணில் ஊற்றுவது வேறு. திறந்த புண், எந்திரத்தில் அரைத்த சரக்கில் எங்கேயாவது வேறு கிருமி ஒட்டிக்கொண்டிருந்தால்? அதனால், கிருமிகூட நுழைய முடியாத நுண்துளை ஃபில்டரை எடுத்து, சிரிஞ்சில் மாட்டி, கட்டைவிரல் நோக அழுத்தி வடிகட்டினாள். வேறு யாராக இருந்தாலும் அந்த மங்கல் தண்ணீரை அப்படியே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். இவள் சுத்தம் பார்க்கிறவள். ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொண்டது. அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு இன்னொன்றை மாட்டினாள். அதுவும் அடைத்தது. மூலிகை என்றால் பிசுக்கும் கசடும் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு மூன்றாவதை மாட்டினாள்.

அடைக்கிறது என்றால் எதுவோ உள்ளே போகாமல் தங்குகிறது என்று அர்த்தம். எது தங்குகிறது என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஏனென்றால் கீழே சொட்டிய தண்ணீர் அவ்வளவு அழகாக இருந்தது. அந்த மங்கல் போய், பளிங்கு மாதிரி தெளிந்திருந்தது. இரண்டு வருஷமாக அவள் கனவு கண்டது இந்தத் தெளிவைத்தான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற அப்பாவிகளைப் பார்த்துச் சிரிக்கிறோம். தெளிந்ததெல்லாம் கரைந்தது என்று நம்ப ஒரு எம்.எஸ்ஸி. தேவைப்பட்டது.

வடிகட்டின பிறகு அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். காலேஜில் முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பது அது. அளக்கிற எந்திரத்தில் வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பாட்டிலை மட்டும் லேப் ஃபிரிட்ஜில் விட்டு, மற்றவற்றைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். திங்கட்கிழமை வேறு வேலை வந்தது.

மருந்து குப்பைக்கூடைக்குப் போனது. தண்ணீர் வீட்டுக்குப் போனது.

அன்று முதல் தினமும் காலையிலும் சாயங்காலமும் அவள் டேவிட்டின் காலை ஒரு பிளாஸ்டிக் டப்பின் மேல் வைத்து, ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலை எடுத்து ஊற்றிக் கழுவினாள். சில்லென்று பட்டதும் டேவிட் கண்ணை மூடிக்கொள்வான். “ஆஹா, எரிச்சல் அப்டியே அடங்குது ஹில்டா. குளுகுளுன்னு கீது” என்பான். சீழ் கழுவிப்போனது, நாற்றம் குறைந்தது, புண்ணின் மேல்பாகம் சிவப்பாகச் சுத்தமாகத் தெரிந்தது. தினம் இரண்டு வேளை ஒழுங்காகக் கழுவினால் குழாய்த் தண்ணீரிலும் அது அப்படித்தான் தெரியும். அவளுக்கு அது தோன்றவில்லை. தன் மருந்து பேசுகிறது என்று நினைத்தாள். ஒரு வாரம் என்ற பேரம், இன்னொரு வாரம் என்று நீண்டது. ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தபோது, பரவாயில்லை சார், குறைகிறது என்று அவளே சொன்னாள்.

டேவிட் அந்த வட்டத்தட்டுப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டான். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது காட்டுவான். அவனோடு பஸ் ஓட்டும் இருதயராஜ் ஒரு நாள் வீட்டுக்கே வந்து பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “இன்னா மாமே, மினரல் வாட்டர் கணக்கா கீது” என்றான். “அதான் மேட்டரே. எல்லாம் உள்ள கரைஞ்சுகினு கீது” என்று டேவிட் விளக்கம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, ஆண்டவர் என் மனைவியின் கையால் எனக்குச் சுகம் தருகிறார் என்று சொல்லி அழுதான். ஹில்டா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெட்கம்தான், ஆனால் பெருமையான வெட்கம்.

இடையில் இரண்டு நாள் டேவிட்டுக்குக் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்தேன் என்றான். கணுக்கால் வீங்கியிருந்தது. ரொம்ப நேரம் பஸ் ஓட்டினதால் என்றான். அவன் சொன்ன காரணங்களையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டாள்.

சுப்பராயன் கண்ணில் அந்தத் தெளிந்த பாட்டில் ஒன்று பட்டது அதற்குப் பிறகுதான். லேப் ஃபிரிட்ஜைத் திறந்தவர், எடுத்து ஆட்டிப் பார்த்தார். “இதையாம்மா இத்தனை நாளா ஒளிச்சு வச்சிருந்த? கண்ணாடி மாதிரி இருக்கு! அகல்யா, இதைத் தட்டுல போட்டு ரிசல்ட் குடு. பார்ட்டிக்கு அனுப்பணும்.”

அகல்யா போட்டாள். மறுநாள் காலை அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து ஹில்டாவின் மேஜை அருகே நின்றாள். குழியின் விளிம்பு வரைக்கும் கிருமி ஆடை கட்டியிருந்தது.

“மேடம், ஒண்ணுமே வரல.”

“ஜெல்லி சரியா ஊத்தியிருக்க மாட்ட. மறுபடி போடு” என்றாள் ஹில்டா. குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. “பழசையும் பக்கத்துல போடு. வடிகட்டாதது.”

மறுநாள் ஒரே தட்டில் இரண்டு குழி. ஒன்றைச் சுற்றி வழக்கமான வட்டம். இன்னொன்றைச் சுற்றி ஒன்றும் இல்லை. எது எந்தக் குழி என்று அகல்யா சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஹில்டா எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள். தெளிந்த பாட்டிலில் இருந்து இரண்டு சொட்டு விரலில் விட்டு நாக்கில் வைத்தாள். லேபில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் நடத்துகிறவளே அவள்தான். “மேடம்!” என்று அகல்யா பதறினாள். நிலவேம்பு ஒரு சொட்டு போதும், நாக்கு சுருண்டுவிடும். இது கசக்கவில்லை. லேசாகப் பசை மாதிரி ஒரு வழவழப்பு, மற்றபடி வெறும் தண்ணீர். இன்னும் கொஞ்சம் எடுத்துக் குடித்துப் பார்த்தாள். கசக்கவே இல்லை. குப்பைக்கூடைக்குப் போன அந்த மூன்று ஃபில்டர்கள் அவள் கண் முன்னால் வந்து நின்றன.

விஷயத்தைக் கேட்ட சுப்பராயனுக்குத் தன் கவலை. “மங்கலா இருந்தா எவன் வாங்குவான்? தெளிவா இருக்கறதுதான் ஓடும். இதுலயே கொஞ்சம் பிரிசர்வேட்டிவ் கூட்டிப் போட்டா வட்டம் வராதா?”

“வரும் சார். அந்த வட்டம் நிலவேம்போடது இல்ல” என்று சொல்லிவிட்டு, வடிகட்டாத சரக்கில் ஒரு சின்ன பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, லீவு கேட்காமல் வெளியே வந்தாள். ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள்.

டேவிட் வீட்டில்தான் இருந்தான். மறுபடி காய்ச்சல், டியூட்டிக்குப் போகவில்லை. கட்டிலில் சாய்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவன், “இன்னா அதுக்குள்ள வந்துட்ட?” என்றான்.

அவள் அவன் காலடியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். அன்றுதான் முதல் தடவையாக அந்தக் காலை அவள் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். அதுவரை பார்த்ததெல்லாம் தன் மருந்தை. பாதத்தின் மேல் பளபளப்பாக ஒரு வீக்கம். கணுக்காலைத் தாண்டிச் சிவப்பு ஏறியிருந்தது. ஓரத்தில் அழுத்தினால் அடியில் நுரை நொறுங்குவது போல விரலுக்குத் தட்டுப்பட்டது.

“ஏங்க, கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம். இந்த மருந்துல ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லன்னா?”

“வடிகட்டும்போது மருந்தெல்லாம் ஃபில்டர்லயே நின்னுடுச்சு. இத்தனை நாளா உங்க கால்ல நான் ஊத்துனது வெறும் தண்ணி.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அவன் அறைவான் என்று காத்திருந்தாள். அறைந்திருந்தால் தேவலை என்று பிற்பாடு தோன்றியது.

டேவிட் சிரித்தான். “டபாய்க்காத. டாக்டரு போன் பண்ணாரா? அவர் சொல்லித்தானே இந்த டிராமா?”

“சத்தியமா இல்லங்க.”

“நைனா செத்துக் கெடக்கசொல்ல, சும்மா காச்சல்தான்னு போன்ல சொல்லி என்ன திருத்தணிலேர்ந்து வரவெச்சவதானே நீ? வண்டி ஓட்டிகினு வர்றவன் பயந்துரக் கூடாதுன்னு. உன்ன எனுக்குத் தெரியாதா? நல்லதுக்குன்னா வாய் கூசாம பொய் சொல்லுவ.” போனை எடுத்து அந்த வட்டத்தட்டுப் படத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். “அப்ப இது இன்னா? இது பொய்யா?”

“அது வடிகட்டாதது. அது வேற.”

“எல்லாம் ஒண்ணுதான். எரிச்சல் அடங்குதுன்றேன், நீ இன்னாடான்னா தண்ணின்ற. கால் என்னுதா, உன்னுதா?”

தன்னை நம்பாதவன், தன் மருந்தை நம்புகிறான். தன் கையால் செய்ததை எதிர்த்து, தானே வாதாட வேண்டியிருக்கிறது. சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலை எடுத்து ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

“குடிங்க.”

“கால்ல ஊத்துறத குடிக்கச் சொல்றியே!”

“டெங்கு வந்தப்ப தெருமுனையில நிலவேம்பு கஷாயம் ஊத்துனாங்களே, ஒரு வாய் குடிச்சிட்டு அங்கயே துப்புனீங்களே, ஞாபகம் இருக்கா? இது அதைவிட நூறு மடங்கு. குடிச்சுப் பாருங்க.”

டேவிட் அவளை முறைத்துக்கொண்டே ஒரு மிடறு குடித்தான். வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். இன்னொரு மிடறு. பிறகு டம்ளரில் இருந்த மொத்தத்தையும் குடித்துவிட்டுக் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கசக்கலயே” என்றான். குரல் சின்னப்பிள்ளையுடையது மாதிரி இருந்தது.

ஹில்டா கைப்பையில் இருந்த சின்ன பாட்டிலை எடுத்து, மங்கலான தண்ணீரில் ஒரு சொட்டை அவன் உள்ளங்கையில் விட்டாள். அவன் நக்கிப் பார்த்தான். முகம் கோணி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உமிழ்நீரைக் கூட்டி விழுங்கிவிட்டுக் கேட்டான்.

“இத்த ஊத்தியிருக்கணுமா?”

“ஆமாங்க.”

“அப்ப இத்த ஊத்து.” டேவிட் தானே காலைத் தூக்கி டப்பின் மேல் வைக்கப் பார்த்தான், முடியாமல் கையால் பிடித்துத் தூக்கினான். “இதான் கசக்குதே. இதான் வேல செய்யும். இப்ப ஊத்து ஹில்டா. ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் பாக்கலாம்.”

“வேணாங்க.”

“உனுக்கு இன்னா போச்சு? தட்டுல கேட்டுச்சே, போட்டோ கீதே. ஊத்து, சொல்றேன்ல!” அவன் கத்தினான். கத்தினவன் உடனே கெஞ்ச ஆரம்பித்தான். “என் தங்கம்ல, ஊத்துமே. வெட்டிருவாங்க ஹில்டா.”

அவளுக்கும் கை பரபரத்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு நொடி, இதைப் போட்டால் நிஜமாகவே அடங்கிவிடுமோ என்று தோன்றியது. தோன்றியதும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய், அவன் பார்க்கும்படியாகவே சமையலறை சிங்க்கில் கவிழ்த்தாள். மங்கலும் தெளிவும் ஒன்றாகக் கலந்து குழாய்க்குள் இறங்கின. பிறகு இருதயராஜுக்குப் போன் செய்து காரோடு வரச் சொன்னாள்.

டேவிட் இருதயராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்துப் படி இறங்கினான்.

டாக்டர் கார்த்திகேசன் கட்டைப் பிரித்துப் பார்த்தார். எக்ஸ்ரே வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே பேசினார். எலும்புக்குள் போய்விட்டது, சதைக்குள் காற்று கட்டியிருக்கிறது, ரத்தத்திலும் கிருமி ஏறிக்கொண்டிருக்கிறது. இனி விரல் பேச்சே இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இன்றைக்கே. அதற்குப் பிறகும் உயிருக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது.

“ரெண்டு விரலோட போயிருக்க வேண்டியது” என்றார். கோபம் அவர் குரலில் அடங்கவில்லை. “இத்தனை நாளா எங்க இருந்தீங்க? குறையுதுன்னு போன்ல யார் சொன்னது? என்னத்தைப் போட்டுட்டு இருந்தீங்க இதுல?”

ஹில்டா வாயைத் திறந்தாள். அதற்குள் டேவிட் முந்திக்கொண்டான்.

“நான்தான் சார் வரமாட்டேன்னுட்டேன். அவ தெனிக்கும் கூப்ட்டா. நான்தான் பயந்துகினு, கொறையுதுன்னு சொல்லச் சொன்னேன்.”

அவள் தினமும் கூப்பிடவில்லை. ஒரு நாள்கூடக் கூப்பிடவில்லை. டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எழுந்து போனார். ஹில்டா டேவிட்டின் கையைப் பிடித்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. ஜுரத்தில் கை கொதித்தது. நர்ஸ் கொண்டுவந்து நீட்டிய தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது டேவிட் அவளைப் பார்த்து, “ஊட்ட பூட்டினியா?” என்று மட்டும் கேட்டான். பூட்டினேன் என்றாள். பூட்டினாளா இல்லையா என்று அவளுக்கு நினைவில்லை.

உயிர் தங்கியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அந்தத் தலைப்பாகை ஒரு மனுஷனின் கால் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. சர்ச்சில் இருந்து போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். சுப்பராயன் போன் செய்து, மெதுவாக வாம்மா என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பார்ட்டி தெளிவான சாம்பிளைத்தான் கேட்கிறான் என்றார். அவள் போனை வைத்துவிட்டாள். அந்தக் கம்பெனிப் படியை அதற்குப் பிறகு அவள் மிதிக்கவில்லை.

தீவிரச் சிகிச்சையில் இருந்து வார்டுக்கு மாற்றிய அன்று மதியம், டேவிட் மருந்து மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தான். போர்வை இடுப்பில் இருந்து இறங்கி, இடது பக்கம் பாதம் வரை மேடாகவும், வலது பக்கம் பாதியிலேயே தட்டையாகவும் கிடந்தது. அந்தத் தட்டையான இடத்தைப் பார்க்காமல் இருக்க ஹில்டா பழகிக்கொண்டிருந்தாள்.

“ஹில்டா.”

“இங்கதான் இருக்கேன்.”

“வெரலு எரியுது. சுண்டு வெரலு.”

எந்தக் கால் என்று அவள் கேட்கவில்லை. எடுத்த காலில் எரிச்சல் தெரியும், பயப்படாதீர்கள், மூளைக்குக் கால் போனது புரிய நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“சிஸ்டர கூப்பிடவா? ஊசி போடச் சொல்றேன்.”

“ஊசி வேணாம்.” அவன் கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினான். வாய் குழறியது. “உன் தண்ணி கீதுல்ல… அத்த கொஞ்சம் ஊத்து. அது பட்டாத்தான் அடங்கும்.”

தண்ணி என்று அவனே சொல்கிறான். தண்ணி என்று தெரிந்தேதான் கேட்கிறான். வேறு என்ன இருக்கிறது அவளிடம் கேட்பதற்கு? அவள் எழுந்து கட்டிலின் அந்தப் பக்கம் போனாள். தட்டையாகக் கிடந்த போர்வையின் மேல், பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒன்றும் இல்லாத துணியில் கையை வைத்தாள்.

“ஊத்துறேங்க” என்றாள்.

“ம்.”

“ஊத்திட்டேன். இப்ப எப்படி இருக்கு?”

டேவிட்டின் நெற்றிச் சுருக்கம் மெல்ல விட்டது. “குளுகுளுன்னு கீது” என்றான். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டான். ஹில்டா துணியில் இருந்து கையை எடுக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அவன் விழித்துவிடாதபடி அழுதாள்.